பிப்ரவரியில் வரும் படிவம்

பிப்ரவரி பிறந்தால் எங்கள் பள்ளியில் அடுத்த ஆண்டுக்கான பாடத்தேர்வு தொடங்கிவிடும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஒரே வயதுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பாடத்தைப் படிப்பதில்லை. பதினொன்றாம் வகுப்பை முடிக்கும் இருவரில் ஒருவர் சாதாரணக் கணிதத்துக்குப் போவார்; மற்றவர் கல்லூரி முதலாண்டின் கால்குலஸை (நுண்கணிதத்தை) ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்ற பெயரில் பள்ளியிலேயே படிப்பார். யார் எந்தப் பக்கம் போவது என்பதை ஒரு படிவம் முடிவு செய்கிறது. அதில் 'ஆசிரியர் பரிந்துரை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் 16 ஆண்டுகளாகக் கணித ஆசிரியை; அந்தக் கட்டத்தைப் பல ஆண்டுகள் நிரப்பியிருக்கிறேன். பள்ளியை முடிப்பதற்குள் எல்லா மாணவரும் இப்படி ஒரு கல்லூரி நிலைப் பாடமாவது எடுக்க வேண்டும் என்று இப்போது சொல்கிறேன்.

முதல் ஒன்பது ஆண்டுகள் அதை எப்படி நிரப்பினேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 120 பெயர்கள் கொண்ட பட்டியலோடு ஒரு மாலையில் உட்காருவேன். மதிப்பெண்ணைப் பார்ப்பேன், வீட்டுப்பாடம் எத்தனை விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பேன், முகத்தை ஒரு கணம் நினைத்துக்கொள்வேன், குறித்துவிடுவேன். ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன். 'பாவம், இந்தப் பிள்ளை அங்கே போய்த் திணறக் கூடாது' என்று நினைத்துத்தான் செய்தேன். அந்தப் 'பாவம்' எத்தனை பேரை வாசலிலேயே நிறுத்தியிருக்கும் என்று இப்போது எண்ணிப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி அந்தப் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்பு முடிந்த பிறகு என் மேசைக்கு வந்தாள். நான் அவளுக்குச் சாதாரண வகுப்பைக் குறித்திருந்தேன். மதிப்பெண் நடுத்தரம். வாரத்தில் இரண்டு வீட்டுப்பாடமாவது விடுபட்டிருக்கும். வகுப்பில் கடைசி வரிசை, பேசமாட்டாள். படிவத்தோடு இன்னொரு தாளும் வைத்திருந்தாள். ஆசிரியர் பரிந்துரைக்கு மாறாக ஏ.பி. எடுக்க விரும்பினால் பெற்றோர் கையெழுத்திட வேண்டிய தாள் அது. 'என் பிள்ளை இந்தப் பாடத்தில் தோற்கும் வாய்ப்பு இருக்கிறது என்பதை அறிவேன். நடுவில் மாற்றிக் கேட்கமாட்டேன்' என்ற பொருளில் நான்கைந்து வரிகள். கீழே அவளுடைய அப்பாவின் கையெழுத்து இருந்தது.

"அப்பாவிடம் பேசினாயா?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது மிஸ். நான்தான் படித்துச் சொன்னேன்."

தன்னால் முடியாமல் போகலாம் என்று ஆசிரியை நினைக்கிறார் என்பதைத் தன் வாயாலேயே அப்பாவுக்குத் தன் மொழியில் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறாள் பதினாறு வயதுப் பெண். நான் ஒன்றும் சொல்லாமல் படிவத்தை வாங்கிக்கொண்டேன். போகும்போது திரும்பிக் கேட்டாள்: "எனக்கு வராது என்று எதை வைத்துச் சொன்னீர்கள் மிஸ்?" குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். என்னிடம் பதில் இல்லை. வீட்டுப்பாடம் விடுபட்ட நாட்களில் அவள் இரண்டு தம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது பல மாதங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஏ.பி. பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கல்லூரி முதலாண்டு அளவிலான பாடம் பள்ளியில் ஓராண்டு நடக்கும். மே மாதத்தில் நாடு முழுவதும் ஒரே தேர்வு. 1 முதல் 5 வரை மதிப்பெண். 3 வாங்கினாலே பல கல்லூரிகள் அந்தப் பாடத்துக்கு கிரெடிட் தந்துவிடும், அதாவது அதை அங்கே படித்து முடித்ததாகவே கணக்கில் வைத்துக்கொள்ளும். பெயர்பெற்ற சில கல்லூரிகள் 4 அல்லது 5 கேட்கும். 2024-இல் தேர்வுக் கட்டணம் 98 டாலர். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. கல்லூரியில் அதே பாடத்துக்குக் கட்ட வேண்டிய பணத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

இந்த ஏற்பாடு எல்லோருக்காகவும் பிறந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் ஆண்டோவர், எக்சிட்டர், லாரன்ஸ்வில் என்ற மூன்று தனியார் விடுதிப் பள்ளிகளும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்தன. தங்கள் கெட்டிக்கார மாணவர்கள் பள்ளியில் படித்ததையே கல்லூரியில் மறுபடி படித்து நேரத்தை வீணாக்குகிறார்கள் என்பதுதான் அவர்களுடைய கவலை. அந்த யோசனையிலிருந்தும், அதே காலத்தில் நடந்த இன்னொரு முயற்சியிலிருந்தும் வளர்ந்த திட்டத்தை 1955-இல் காலேஜ் போர்டு என்ற தேர்வு நடத்தும் அமைப்பு எடுத்துக்கொண்டது. 1956 மே மாதம் தேர்வு எழுதியவர்கள் 104 பள்ளிகளைச் சேர்ந்த 1,229 பேர். இன்று ஆண்டுதோறும் 25 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் எழுதுகிறார்கள். எண்ணிக்கை இவ்வளவு பெருகிவிட்டது. ஆனால் 'இது தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு' என்ற பழைய நினைப்பு அந்தப் பரிந்துரைக் கட்டத்துக்குள் இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

கட்டம் இருக்கும் பள்ளிகளாவது பரவாயில்லை, பாடமே இல்லாத பள்ளிகளை என்ன சொல்வது? 2020–21-ஆம் கல்வியாண்டுக்கு அமெரிக்கக் கல்வித் துறை வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். கறுப்பின, லத்தீன் மாணவர்கள் மிகுதியாகப் படிக்கும் உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ 35 சதவீதத்தில்தான் கால்குலஸ் இருந்தது. அவர்களின் எண்ணிக்கை குறைவாக உள்ள பள்ளிகளில் 54 சதவீதம். பிள்ளைக்குத் தகுதி இருக்கிறதா என்ற கேள்வி எழுவதற்கு முன்பே, அவன் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது பாதி முடிவைச் செய்துவிடுகிறது.

தகுதியை ஆசிரியரின் கண் சரியாகக் கண்டுபிடிக்கும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். ஃப்ளோரிடா மாநிலத்தின் பிரோவர்டு கவுண்டியில் நடந்ததைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. அங்கே சிறப்புத் திறன் வகுப்புக்கு ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்த பிள்ளைகளைத்தான் சோதித்து வந்தார்கள். 2005-இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரு தொடக்கச் சோதனை வைத்தார்கள். டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அதன் விளைவை ஆராய்ந்தார்கள். தேர்வான கறுப்பினப் பிள்ளைகளின் எண்ணிக்கை 80 சதவீதமும் லத்தீன் பிள்ளைகளின் எண்ணிக்கை 130 சதவீதமும் கூடியிருந்தன. அந்தப் பிள்ளைகள் முந்தைய ஆண்டுகளிலும் அதே பெஞ்சுகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பிறகு நிதிப் பற்றாக்குறையால் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டபோது எண்ணிக்கை பழையபடி சரிந்தது.

என் மாணவிக்கு வருகிறேன். அக்டோபரில் முதல் பெரிய தேர்வில் அவள் வாங்கியது நூற்றுக்கு 38. தாளைப் புத்தகத்துக்குள் வைத்து மூடினாள். அன்று மாலை நூலகத்தில் அவள் அழுதுகொண்டிருந்ததாக இன்னொரு மாணவி வந்து சொன்னாள். 'நான் சொன்னேனே' என்று ஒரு குரல் எனக்குள் எழுந்ததை மறைக்கமாட்டேன்.

நவம்பரில் ஏணிக் கணக்கு வந்தது. கால்குலஸ் படித்த எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். 10 அடி ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது. அடிப்பகுதி சுவரைவிட்டு வினாடிக்கு 2 அடி வேகத்தில் விலகுகிறது. சுவரிலிருந்து 6 அடி தூரத்தில் அடிப்பகுதி இருக்கும்போது ஏணியின் உச்சி எவ்வளவு வேகத்தில் இறங்கும்? வகுப்பில் பாதிப் பேர் "அதே 2 அடி" என்றார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் சூத்திரத்தைப் போட்டு 1.5 அடி என்று சரியாக எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்கள்.

கடைசி வரிசைக்காரி கணக்கையே போடவில்லை. ஒரு ஸ்கேலை நோட்டின் அட்டையில் சாய்த்து வைத்து, கீழ்முனையை விரலால் மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தாள். மறுபடி வைத்தாள், மறுபடி இழுத்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். தொடக்கத்தில் கீழ்முனை நகர நகர மேல்முனை அசைவதே தெரியவில்லை. முடிவில் பொத்தென்று விழுந்தது. நாலைந்து முறை இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள்: "நான் ஒரே வேகத்தில்தான் இழுக்கிறேன். தரையைத் தொடப்போகும்போது மேல்முனையின் வேகம் எவ்வளவு மிஸ்? சூத்திரத்தில் போட்டால் வகுக்கும் எண் சுழியமாகிவிடுகிறதே. முடிவில்லாத வேகத்திலா விழும்?"

அதுவரை ஒன்பது ஆண்டுகளாக அந்தக் கணக்கை நடத்தியிருக்கிறேன். ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. அது மிக நல்ல கேள்வி. சூத்திரம் சொல்வதை நிஜ ஏணி செய்யாது. ஒரு கட்டத்தில் உச்சி சுவரைவிட்டே விலகிவிடும், நாம் போட்ட கணக்கு அங்கே செல்லாது. அன்று மீதி நேரம் முழுவதும் வகுப்பே ஸ்கேல்களை வைத்து இழுத்துக்கொண்டிருந்தது. பாடத்திட்டத்தில் ஒரு நாள் பின்தங்கினேன், வருத்தமில்லை. 'வராது' என்று நான் எழுதிய பெண்ணுக்குத்தான் அந்தக் கேள்வி வந்தது. சாதாரண வகுப்பில் இருந்திருந்தால் அந்த ஏணி அவள் கண்ணிலேயே பட்டிருக்காது.

மே மாதத் தேர்வில் அவளுக்குக் கிடைத்தது 2. கிரெடிட் இல்லை. பள்ளியின் கணக்கில் அவள் தேர்ச்சி பெறாதவர்களில் ஒருத்தி. ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு டிசம்பர் மாலையில் பள்ளிக்கு வந்தாள். உள்ளூர் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து முதல் செமஸ்டரிலேயே கால்குலஸ் எடுத்திருந்தாள். "பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் முதல் மாதம் பயந்துபோயிருந்தார்கள். நான் அந்தப் பயத்தை உங்கள் வகுப்பிலேயே முடித்துவிட்டேன்" என்றாள். அந்த 2-ஐத் தோல்வி என்று எழுத என் கை இனி வராது.

இந்த இடத்தில் நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் பேச வேண்டும். எல்லோரையும் மேல்நிலைப் பாடத்தில் தூக்கிப் போட்டால் போதும், நீந்திக்கொள்வார்கள் என்று நினைத்தவர்கள் பிள்ளைகளைக் காயப்படுத்தியிருக்கிறார்கள். சிகாகோ நகரப் பள்ளிகளில் 1997-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் அனைவருக்கும் அல்ஜீப்ரா கட்டாயமானது. தோற்றவர்கள் பெருகினார்கள், தேர்வு மதிப்பெண்கள் உயரவில்லை. 2003-இல் திட்டத்தைத் திருத்தி, பின்தங்கிய பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா வகுப்போடு இன்னொரு துணை வகுப்பையும் சேர்த்து இரண்டு மடங்கு நேரம் கொடுத்தார்கள். அப்படிப் படித்தவர்களில் பள்ளியை முடித்தவர்களும் கல்லூரிக்குப் போனவர்களும் கூடினார்கள் என்று பின்னால் நடந்த ஆய்வு காட்டியது. பாடம் அதேதான், நேரமும் துணையும்தான் கூடியிருந்தன.

ஏ.பி. அறிவியலைப் புதிதாகத் தொடங்கிய 23 பள்ளிகளில் குலுக்கல் முறையில் மாணவர்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்றும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் அறிவியல் திறன் ஓரளவு உயர்ந்தது. கூடவே மன அழுத்தமும் உயர்ந்தது, தன்னம்பிக்கை குறைந்தது. என் வகுப்பில் அக்டோபர் மாதத்தைப் பார்த்தவள் என்பதால் இந்த முடிவு எனக்கு வியப்பாக இல்லை. பிள்ளைகளை அழைக்கும் நாம் அக்டோபரில் அவர்கள் பக்கத்தில் இருக்கிறோமா என்பதைத்தான் இது கேட்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஹைமி எஸ்கலாண்டேயின் கதையைக்கூட நாம் பாதிதான் சொல்கிறோம். பொலிவியாவிலிருந்து வந்து கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்டு பள்ளியில் கணிதம் நடத்தியவர். 1982-இல் அவருடைய மாணவர்கள் 18 பேர் ஏ.பி. கால்குலஸில் தேர்ச்சி பெற்றார்கள். காப்பியடித்திருப்பார்கள் என்று தேர்வை நடத்தியவர்கள் 14 பேர்மீது சந்தேகப்பட்டார்கள். 12 பேர் மறுபடி எழுதி, மறுபடி தேறிக் காட்டினார்கள். இதுவரை எல்லோருக்கும் தெரியும். அவர் அந்தப் பள்ளியில் சேர்ந்தது 1974-இல் என்பதையும், கால்குலஸுக்கு முந்தைய வகுப்புகளை ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்பியதையும், பக்கத்துக் கல்லூரியில் கோடைக்கால வகுப்பு நடத்தியதையும், துணைநின்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்ததையும் யாரும் சொல்வதில்லை. ஓர் ஆசிரியர் ஓராண்டில் செய்த அற்புதம் என்று சொன்னால் மற்ற ஆசிரியர்கள் கைகட்டி உட்கார்ந்துவிடலாம். எட்டு ஆண்டு வேலை என்று சொன்னால் நாமும் தொடங்க வேண்டியிருக்கும்.

நிர்வாகத்தின் பயம் வேறு. 'எல்லோரையும் சேர்த்தால் தேர்ச்சி விகிதம் குறைந்துவிடுமே' என்பார்கள். குறையத்தான் செய்யும். 20 பேர் எழுதி 16 பேர் தேறினால் 80 சதவீதம். 60 பேர் எழுதி 33 பேர் தேறினால் 55 சதவீதம். பத்திரிகையில் 'சரிவு' என்று வரும். கூடுதலாகத் தேறிய 17 பிள்ளைகள் அந்தச் செய்தியில் எங்கும் இருக்கமாட்டார்கள். தேறாத 27 பேரும் ஓராண்டு கல்லூரிப் பாடத்தைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள் என்பதும் இருக்காது.

இனி அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு. வார இறுதித் தமிழ்ப் பள்ளி வாசலில், பொங்கல் விழாவின் பந்தியில், பேச்சு சுற்றி வந்து இதில்தான் முடியும்: "உங்கள் பையன் எத்தனை ஏ.பி.?" பதினொன்று என்பார் ஒருவர். பன்னிரண்டு என்பார் மற்றவர். எட்டு என்று சொன்ன அம்மா தலையைக் குனிந்துகொள்வார். பள்ளியின் எந்த ஆலோசகரிடம் எப்போது பேச வேண்டும், ஏழாம் வகுப்பில் எந்தக் கணிதப் பிரிவில் சேர்த்தால் பன்னிரண்டில் கால்குலஸ் வரும் என்பதெல்லாம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் தண்ணீராக ஓடுகிறது. என் மாணவியின் அப்பாவிடம் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுகூடப் போய்ச் சேரவில்லை. நாம் யாரிடமும் பறிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் தெரிந்ததை நம் வேலிக்குள்ளேயே வைத்துக்கொண்டோம்.

பன்னிரண்டு பாடம் எடுக்கும் பிள்ளைகளையும் நான் வகுப்பில் பார்க்கிறேன். இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து, காலையில் முதல் பீரியடில் கண் சொருக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். ஏணியைப் பற்றிக் கேள்வி கேட்க அவர்களுக்கு நேரம் கிடையாது. எல்லா மாணவரும் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லும்போது ஒவ்வொருவரும் பத்து எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பள்ளியை முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பாடமாவது கிடைக்க வேண்டும். அது தனக்குப் பிடித்த பாடமாக இருக்க வேண்டும். கணிதமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வரலாறோ, ஓவியமோ, கணினி அறிவியலோ, ஸ்பானிஷோ எதுவானாலும் சரி. மினசோட்டா மாநிலம் 1985-இலேயே தொடங்கி வைத்த வழியில், பள்ளியில் இருந்தபடியே கல்லூரிக்குப் போய்ப் படிக்கும் வாய்ப்பு இன்று பல மாநிலங்களில் இருக்கிறது. ஒரே நாள் தேர்வில் எல்லாம் தொங்கக் கூடாது என்று நினைக்கும் பிள்ளைக்கு அதுதான் ஏற்றது. உங்கள் பிள்ளை பன்னிரண்டுக்குப் பதிலாக ஐந்து எடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. மிஞ்சுகிற சனிக்கிழமைகளில் இரண்டை, முதல் ஏ.பி.யில் திணறும் வகுப்புத் தோழருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் பள்ளியில் மூன்று ஆண்டுகளாகப் படிவம் மாறியிருக்கிறது. கணிதத் துறையில் நாங்கள் நான்கு பேர் விடாமல் கேட்டு வாங்கினோம். வாஷிங்டன் மாநிலமும் வட கரோலினாவும் டெக்சஸும் இதே திசையில் சட்டமே இயற்றியிருக்கின்றன. மாநிலத் தேர்வில் உரிய மதிப்பெண் பெற்ற பிள்ளையை அடுத்த உயர்நிலை வகுப்பில் தானாகவே சேர்க்க வேண்டும், வேண்டாம் என்றால்தான் பெற்றோர் எழுதித் தர வேண்டும் என்பது அந்தச் சட்டங்களின் சாரம். நாங்கள் மதிப்பெண்ணையும் பார்க்கவில்லை. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் போகும் ஒவ்வொருவருடைய பட்டியலிலும் ஒரு கல்லூரி நிலைப் பாடம் முன்கூட்டியே இருக்கிறது. அதை எடுத்துவிடத்தான் இப்போது கையெழுத்து வேண்டும். அந்தத் தாள் பெற்றோர் வாசிக்கும் மொழியில் போகிறது. செவ்வாய்தோறும் பள்ளி முடிந்த பிறகும் சனிக்கிழமை காலையிலும் துணை வகுப்பு உண்டு. வரைபடம் போட்டுக் காட்டும் கால்குலேட்டரை நூலகம் ஆண்டு முழுவதும் கடனாகத் தருகிறது. நூறு டாலருக்கு மேல் விற்கும் அந்தக் கருவி இல்லாததாலேயே விலகியவர்கள் உண்டு.

விலகுவதாகக் கையெழுத்து வந்தால் நான் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவேன். சென்ற மாதம் ஒரு தந்தையிடம் பேசினேன். லாரி ஓட்டுகிறார்; வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் பேசினார்.

"அவனுக்கு அது வருமா மிஸ்? நீங்கள் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை."

"எனக்குத் தெரியாது சார். அவனுக்கும் இன்னும் தெரியாது. செப்டம்பர் முதல் சனிக்கிழமைதோறும் காலை ஒன்பதரைக்கு அனுப்பிவையுங்கள். நான் இருப்பேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பக்கத்தில் வண்டிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"சனிக்கிழமை பள்ளி பஸ் ஓடாதே" என்றார்.

உங்கள் தெருவிலிருந்து இன்னொரு பிள்ளையும் வருகிறாள், அவளுடைய அம்மாவிடம் பேசிவிட்டு இன்று மாலையே கூப்பிடுகிறேன் என்றேன்.